சவுக்கு ஏறிய கரை
கன்றும் காலமும் – 11

சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பின் பெயரில் இருக்கிற ஒல்காட் ஒரு சோள நிபுணர். பிரம்மஞான சபையை நிறுவியவர், பௌத்தம் தழுவியவர், இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் எழக் காரணமானவர் என்றெல்லாம் அவரைப் பற்றிச் சொல்பவர்கள்கூட இதை அதிகம் சொல்வதில்லை. ஹென்றி ஸ்டீல் ஒல்காட் 1857இல், இருபத்தைந்து வயதுகூட நிறையாத நிலையில், இனிப்புச் சோளம் பயிரிடுவது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். நியூயார்க் மாநிலத்தில் விவசாயப் பள்ளி நடத்தினார். ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ பத்திரிகையில் வேளாண்மைப் பகுதியைக் கவனித்துக்கொண்டார். ராணுவம், வக்கீல் தொழில், ஆவியுலக ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அந்த மனிதர் 1882 டிசம்பரில், சபையை அவரோடு சேர்ந்து நிறுவிய ப்ளாவட்ஸ்கி அம்மையாருடன் அடையாற்றின் தென்கரைக்குக் குடிவந்தார்.

வாங்கிய இடம் ஹடில்ஸ்டன் தோட்டம். 27 ஏக்கர், ஆற்றங்கரை பங்களா, கூப்பிடு தூரத்தில் கடல். அப்படிப்பட்ட சொத்து அன்றைய நிலவரத்துக்கு அடிமாட்டு விலையில் கிடைத்தது. காரணத்தை ஒல்காட் தன் நாட்குறிப்பு நூலில் எழுதிவைத்திருக்கிறார்: நீலகிரி அடிவாரம் வரை ரயில் போய்விட்டது. மேட்டுப்பாளையத்துக்கு 1873இல் தண்டவாளம் எட்டியதும், துரைமார்கள் வருஷத்தில் பாதியை ஊட்டியில் கழிக்க ஆரம்பித்தார்கள். சென்னையின் பெரிய தோட்ட பங்களாக்களுக்கு வாங்க ஆளில்லாமல் போயிற்று. அடையாற்றுக்கு ஒல்காட்டைக் கொண்டுவந்ததில் ரயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் வந்ததால்தான் பக்கத்து மீனவர் குடியிருப்பில் ஒன்றுக்கு அவர் பெயர் ஏறியது.

இந்த வாரம் பார்க்கப்போகும் மரத்தையும் இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது ரயில்தான்.

சென்ற இரண்டு வாரங்கள் நிலம்பூரில் இருந்தோம். 1840களில் மலபார் கலெக்டர் கனோலியும் அவரிடம் வேலை பார்த்த சாத்து மேனனும் தேக்கு விதையை முளைக்க வைக்கப் பட்ட பாட்டைப் பார்த்தோம். அங்கே மரம் வளர்த்தது கப்பலுக்காக. வெட்ட அறுபது எழுபது வருஷம் காத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டே நட்டார்கள். சோழமண்டலக் கரைக்கு வந்தால் இந்தப் பொறுமை செல்லாது.

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே வருஷம் டிசம்பரில் சென்னை மாகாணம் முழுவதுக்கும் காடுகளின் கன்சர்வேட்டராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். தொழிலால் மருத்துவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் இருந்தவர். இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 1861இல் வந்த தன் புத்தகத்தில் கிளெக்ஹார்ன் ஒரு கணக்குப் போடுகிறார். ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 ஸ்லீப்பர் கட்டை வேண்டும். கட்டை ஒன்று எட்டு வருஷம் தாங்கும். மாகாணத்தின் பாதைகளைப் பராமரிக்க மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,50,000 கட்டைகள், அதாவது 35,000 மரங்கள். இது தண்டவாளத்துக்குக் கீழே கிடக்கும் மரம். எஞ்சினுக்குள் போகும் விறகு தனி. நிலக்கரி அன்றைக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வர வேண்டும். கட்டுபடியாகாது. ஆகவே தென்னிந்திய ரயில்கள் ஆரம்பத்தில் விறகைத் தின்றே ஓடின.

எஞ்சின் தின்னும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வளரும் மரம் வேண்டும், அதுவும் நெல்லோ வரகோ விளையாத நிலத்தில் வளர வேண்டும் என்று தேடியபோது கைக்கு வந்தது சவுக்கு.

சவுக்கு நம் கரையின் மரமில்லை. அந்தமான், மலேயா, பசிபிக் தீவுகள், ஆஸ்திரேலியா என்று வங்காள விரிகுடாவுக்குக் கிழக்கே இருப்பதுதான் அதன் சொந்தக் கரை. உப்புக்காற்றுக்கு அசராது. வெறும் மணலில் நிற்கும். வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துக் கொடுப்பதால் மண்ணில் உரம் இல்லாவிட்டாலும் மேலே வரும். பச்சையாக வெட்டினாலும் எரியும்; எரிந்தால் நல்ல சூடு. 1860களில் தொடங்கி நெல்லூர், செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைகளில் ரயில் விறகுக்காகச் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. அரசு வழிகாட்டியது; லாபத்தை மோப்பம் பிடித்த தனியார் அரசை முந்திக்கொண்டார்கள். இந்தியக் காடுகளின் தலைமை அதிகாரியாக இருந்த ஜெர்மானியர் டைட்ரிச் பிராண்டிஸ் 1880களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்து ஆலோசனை சொன்னார். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒல்காட் அடையாற்றுக்கு வந்த அதே வருஷம்.

சவுக்கு நாற்றங்காலின் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காகிதத்தில் ‘இத்தனை ஏக்கர் நடப்பட்டது’ என்று ஒரே வரியில் முடிந்துபோவதன் பின்னால் அத்தனை நுணுக்கம் இருக்கிறது. பழுப்பேறிய காய்களைப் பறித்து வெயிலில் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் வெடிக்கும். உள்ளிருந்து உதிர்வது விதையா தூசியா என்று சந்தேகம் வரும். ஒரு கிலோவில் பல லட்சம் விதை நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய சிறகு. ஊதினால் பறந்துவிடும் என்பதால் மணலோடு கலந்துதான் தாய்ப்பாத்தியில் தூவுவார்கள். மேலே விரல் கனம்கூட இல்லாமல் மணல், அதற்கு மேல் வைக்கோல். பூவாளியால் தண்ணீர், குடத்தால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். பிறகு எறும்பு. சவுக்கு நாற்றங்காலின் முதல் எதிரி அதுதான். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பாத்தி விதையையும் சுமந்துகொண்டு போய்விடும். பாத்தியைச் சுற்றிக் காவல் போட்டது ஆட்டுக்கும் மாட்டுக்கும் அல்ல, எறும்புக்கு.

எறும்புக்குத் தப்பியது ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். விரல் நீளம் வந்ததும் பிடுங்கி இரண்டாம் பாத்திக்கு மாற்ற வேண்டும். அந்தப் பாத்திக்கு, ஏற்கெனவே நிற்கும் பழைய சவுக்குத் தோப்பின் அடிமண்ணைக் கொண்டுவந்து கலப்பார்கள். புது மண்ணில் வைத்தால் கன்று வெளிறி நிற்கிறது, பழைய தோப்பு மண் ஒரு கூடை கலந்தால் கருகருவென்று வருகிறது என்பது அனுபவத்தில் கண்டது. அந்த மண்ணோடு வேர்முடிச்சு நுண்ணுயிரும் வந்து சேர்கிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது. ஐப்பசியில் மழை இறங்கியதும் நடவு. மழை நின்றதும் தண்ணீர் சுமக்கும் படலம். மணலில் ஊற்று தோண்டி, பானையில் மொண்டு, கன்றுக்கு ஒரு பானை. முதல் கோடை, சில இடங்களில் இரண்டாம் கோடையும். இந்தத் தண்ணீரை யார் சுமந்தார்கள் என்று வனத்துறை அறிக்கைகள் தனியாகச் சொல்வதில்லை. கூலி என்ற தலைப்பில் ஒரு தொகை இருக்கும். கரையோரச் சேரிகளும் குப்பங்களும் அந்தத் தொகைக்குள் இருக்கின்றன.

விறகு நகரத்துக்கு வந்த வழி தண்ணீர் வழி. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். சோற்றுக்கு வழியற்றவர்கள் மண் சுமந்து வெட்டிய வாய்க்கால். அன்றைய கவர்னர் பெயரால் மொத்தக் கால்வாயும் பக்கிங்ஹாம் ஆயிற்று. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும், தெற்கே செங்கல்பட்டுக் கரையின் சவுக்கும் படகேறி மயிலாப்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் வந்து இறங்கின. கால்வாய் ஓரமாக விறகுத் தொட்டிகள் முளைத்தன. நிலக்கரி உள்நாட்டில் கிடைக்க ஆரம்பித்து எஞ்சின்கள் விறகை விட்ட பிறகும் சவுக்கு நின்றுபோகவில்லை. எஞ்சின் இருந்த இடத்தில் சென்னையின் அடுப்பு வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். தொட்டியில் தூக்குக்கணக்கில் விற்ற பிளந்த சவுக்கு இல்லாமல் மயிலாப்பூர்க் கல்யாணம் ஒன்றும் நடந்திருக்காது. 1970, 80களில் கேஸ் அடுப்பு வீடு வீடாக நுழையும் வரை இதுதான் நிலை.

தோப்பு முதலாளிக்குக் கட்டை போனது. கரையில் இருந்தவர்களுக்கு மிளாரும் சருகும் மிஞ்சின. சவுக்குச் சருகு ஊசி ஊசியாகத் தரையில் மெத்தை போட்டுக் கிடக்கும். அதைக் கூட்டி, சாக்கில் அமுக்கி, தலையில் ஏற்றி வருவது பெண்களின் வேலை. மீன் வேக அது போதும். கழிகள் குடிசைக்குக் காலாயின. இன்றைக்கும் வலை செப்பனிட நிழலுக்குப் போடும் கொட்டகைக்கு நான்கு மூலையிலும் ஊன்றுவது சவுக்குக் கழிதான். வந்தேறி மரம் என்று சுற்றுச்சூழல் கூட்டங்களில் அதைத் திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நல்லது. நூற்றைம்பது வருஷம் ஒரு கரையில் நின்ற மரத்துக்கு அந்தக் கரையில் உறவுகள் ஏற்பட்டுவிடும்.

பெசன்ட் நகரை வீட்டுவசதி வாரியம் மனை பிரிப்பதற்கு முன் அடையாற்று முகத்துவாரத்திலிருந்து திருவான்மியூர் வரை சவுக்கும் பனையும் தாழையுமாகக் கிடந்தது என்பார்கள் அந்த நாளைப் பார்த்தவர்கள். அன்னி பெசன்ட் காலத்தில் பிரம்மஞான சபை பக்கத்துத் தோட்டங்களையெல்லாம் வாங்கிச் சேர்த்து 250 ஏக்கருக்கு மேல் விரிந்தது. அரசு நாற்றங்காலின் கணக்கில் வராத அந்த வளாகத்து மரங்கள்தான் தென்சென்னையில் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் பெரிய பசுமைகளில் ஒன்று. கிண்டியும் அப்படித்தான். 1910இல் காப்புக்காடாக அறிவித்து, 1978இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். யாரும் போய் நட்டு உண்டாக்கிய காடில்லை, வேலி போட்டு விட்டுவைத்த புதர்க்காடு. மரம் நடும் வரலாற்றை எழுதும்போது, நடாமல் விட்டதால் பிழைத்த இடங்களையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்வது நியாயம்.

சுதந்திரம் வந்ததும் மரம் நடுவது விழாவாயிற்று. 1947 ஜூலையில் டெல்லியில் எம். எஸ். ரந்தாவா ஒரு மரநடு வாரம் நடத்தினார். 1950இல் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அதை வனமகோத்சவம் என்று நாடு முழுவதற்கும் ஆக்கினார். ஜூலை முதல் வாரம். டெல்லிக்கும் பம்பாய்க்கும் அது பொருத்தமான நாள். தென்மேற்குப் பருவமழை இறங்கியிருக்கும். சென்னையில் ஜூலை முதல் வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊருக்கு வருஷத்தில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. ஆடிக் காற்றுக்கு முன்னால் மணலில் கன்றை ஊன்றினால், அதற்கு மூன்று மாதம் லாரித் தண்ணீர் வார்க்க ஆள் வேண்டும். அமைச்சர் வந்து நட்ட கன்றுக்கு ஆள் கிடைப்பார், மற்றவற்றுக்குக் கிடைக்காது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு விறகுக்காக நட்ட வெள்ளைக்காரன்கூட ஐப்பசிக்குக் காத்திருந்தான். விறகு வேண்டியவனுக்குக் கன்று பிழைக்க வேண்டும். விழாவுக்கு நட்டால் போதும். தமிழ்நாட்டுத் துறைகள் பல இந்த நாளை மழைக்காலத்துக்குத் தள்ளிக்கொண்டது உண்டு என்றாலும், பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் ஜூலைப் புகைப்படம் இன்னும் ஓயவில்லை.

33 என்ற எண்ணும் இந்தக் காலத்தில்தான் பிறந்தது. நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்றது 1952ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை. 1988 கொள்கை அதையே திரும்பச் சொன்னது. எழுபது வருஷத்துக்கு மேலாக எட்டாமல் நிற்கும் இந்த எண் நாற்றங்கால்களை எப்படி ஆட்டுவிக்கிறது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

1976இல் தேசிய வேளாண் ஆணையம் ‘சமூகக் காடு’ என்ற எண்ணத்தை முன்வைத்தது. 1981 முதல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் அது பெரிய அளவில் நடந்தது. ஏரிகளின் உள்வாயில் கருவேலம் பெருவாரியாக ஏறியது அப்போதுதான். அந்தக் கதைக்குத் தனி வாரம் வேண்டும். கரைக்கு வேறு காரணம் கிடைத்தது. 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமையை ஒரே ராத்திரியில் அழித்த புயலுக்குப் பிறகு, கடலோரத்தில் மரவேலி எழுப்ப வேண்டும் என்ற பேச்சு கிழக்குக் கரை முழுவதும் வலுத்தது. விறகாக வந்த சவுக்கு இப்போது சுவராகப் பதவி உயர்வு பெற்றது.

அந்தச் சுவருக்குச் சோதனை 2004 டிசம்பர் 26. அன்று காலை ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குள்ளும் கடல் வந்தது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். பெரும் பகுதி நாகப்பட்டினத்தில். சில மாதங்களுக்குள் ஆய்வுகள் வரத் தொடங்கின. பரங்கிப்பேட்டைப் பகுதியில் 18 குக்கிராமங்களைப் பார்த்த கதிரேசனும் ராஜேந்திரனும் அலையாத்திக் காடு இருந்த இடத்தில் சேதம் குறைவு என்றார்கள். அதே கடலூர் மாவட்டத்தை வைத்து ‘சயின்ஸ்’ இதழில் 2005இல் வந்த இன்னொரு கட்டுரை, அலையாத்தியோடு சவுக்குத் தோப்பும் ஊரைக் காத்தது என்றது. மறுபக்கத்து விஞ்ஞானிகள் அதே பரங்கிப்பேட்டைத் தரவுகளை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள்: கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்ற இரண்டையும் கழித்துவிட்டால் மரத்தின் பங்கு கரைந்துபோகிறதே என்று கேட்டார்கள். இந்தச் சண்டை முடியவில்லை. முடியும்வரை அரசு காத்திருக்க முடியாது என்பதும் உண்மை. உலக வங்கிக் கடனில் நடந்த அவசரச் சுனாமி மறுசீரமைப்புத் திட்டத்தில் தமிழகக் கரையோரம் சவுக்கு வரிசை வரிசையாக ஏறியது. ‘உயிர்வேலி’ என்று பெயர்.

இங்கேதான் எனக்கு வனத்துறையோடு பழைய வழக்கு. 1860களில் கரையைப் பார்த்த ரயில்காரர்களுக்கும் 2005இல் பார்த்த திட்ட அதிகாரிக்கும் கண்ணில் பட்டது ஒன்றே: காலி மணல். வருவாய்த்துறைக் கணக்கிலும் அது புறம்போக்கு. குப்பத்தார் கண்ணில் அதே மணல் எப்படி என்று ஒரு காலைப்பொழுது ஊரூர்க் கரையில் நின்றால் தெரிந்துவிடும். தண்ணீர் விளிம்பிலிருந்து முதல் முப்பது நாற்பதடி படகு ஏறி இறங்க. அதற்குப் பின்னால் ஃபைபர் படகுகள் நிற்க, எஞ்சின் கழற்றி வைக்க. அப்புறம் வலை உலர்த்த, செப்பனிட. ஒரு பக்கம் மீன் ஏலம், இன்னொரு பக்கம் கருவாடு காயப்போட. கரைவலை என்று ஒன்று உண்டு; படகில் வலையைக் கொண்டுபோய் வளைத்துவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்றபடி இரண்டு அணியாக இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு அணியும் கரையோடு நடந்து ஒன்றையொன்று நெருங்கும். அதற்குக் கண்ணுக்கு எட்டிய மட்டும் தடையில்லாத மணல் வேண்டும். நடுவில் நாலு வரிசை சவுக்கு வைத்தால் அந்த இடத்தில் கரைவலை முடிந்தது. ஒரு குப்பத்துக்கு இது தொழிற்சாலை வாசலில் சுவர் எழுப்பியதற்குச் சமம்.

மணலுக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சிற்றாமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு ஏறிவரும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். ஆமை குழி தோண்டும் இடம் அலையேற்றக் கோட்டுக்குச் சற்று மேலே. உயிர்வேலித் திட்டத்தில் பல ஊர்களில் சவுக்கு அந்தக் கோட்டை ஒட்டியே நடப்பட்டது. வேர் பின்னிய மணலில் ஆமைக்குத் தோண்ட வராது. சில இடங்களில் நடவுக்காக மணல்மேடுகளைச் சமன்செய்தார்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் வேதனை. அலையை முதலில் வாங்குவது அந்த மேடுதான். சுவர் கட்டுவதற்கு மலையை இடித்த கதை.

மணல்மேட்டைக் கட்டிப்போடும் செடிகள் வேறு. அடும்பு தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். ராவணன் மீசை முள்ளுருண்டையாகக் காற்றில் உருண்டு போய் விதை போடும். காற்று கொண்டுவரும் மணலை இந்த இரண்டும் பிடித்து நிறுத்தி, தாங்களும் மேலேறி, மேட்டை வளர்க்கும். அதற்குப் பின்னால் தாழை. இன்னும் உள்ளே தள்ளிப் புன்னை, பூவரசு, புங்கு, பனை. மயிலை கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை என்பதை வைத்தே இந்தக் கரையில் அது எவ்வளவு காலமாக நிற்கிறது என்று ஊகிக்கலாம். வன நாற்றங்காலில் புன்னைக்கு என்ன குறை என்று கேட்டால், அது மெதுவாக வளரும். ஐந்து வருஷத் திட்டத்தில், மூன்றாம் வருஷம் ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்ட முடியாது. சவுக்கு மூன்றாம் வருஷத்தில் தலைக்கு மேல் நிற்கும்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிடுங்கிப் போட்ட பிறகு, நாட்டு மரம் என்ற பேச்சு மாநகராட்சி வரை எட்டியது. அதற்கு முன்பே, 2011 ஜனவரியில், அடையாற்றுக் கழிமுகத்தின் கிளையில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டிருந்தது. கட்டடக் குப்பை கொட்டிய ஓடையைத் தோண்டி எடுத்து, இந்தக் கரைக்குரிய செடிகளைத் தேடி நாற்றுவிட்டு நட்ட இடம். பின்னர் சென்னை ஆறுகள் மறுசீரமைப்பு அறக்கட்டளை முகத்துவாரத்துக்கும் வந்து அலையாத்திக் கன்றுகளை நட்டது. 2020இல் கோட்டூர்புரத்தில் ஜப்பானியத் தாவரவியலாளர் மியாவாக்கியின் முறையில் அடர்நடவு தொடங்கியது. அடுக்குமாடி வாசிகளுக்கு அதன்மேல் அப்படியொரு காதல். ஒரு கிரவுண்டுக்குள் காடு என்பது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் இங்கே அந்த முறை உள்நிலத்துக்கு உரியது. அதைக் கடற்கரை மணலுக்குத் தூக்கிவர நினைப்பவர்கள் சவுக்குக்காரர்கள் செய்ததையே வேறு கன்றுகளை வைத்துச் செய்கிறார்கள்.

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் காடும் மரப்பரப்பும் அப்போது 23.7 சதவீதம்; பத்தாண்டுகளில் 33 ஆக்குவது குறி. பழைய எண் திரும்ப வந்துவிட்டது, பார்த்தீர்களா? அரசு நாற்றங்கால்களில் இவ்வளவு வகை நாட்டுமரக் கன்றுகள் இதற்கு முன் ஒருசேர வளர்ந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கடற்கரைக்கென்றே நெய்தல் மீட்சி இயக்கம், ஐந்தாண்டுகளுக்கு 2,000 கோடி ரூபாய், உலக வங்கித் துணையோடு அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையில் குப்பத்தார் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். 2011 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவர்கள் பயன்படுத்தும் இடங்களைக் கடலோரத் திட்டத்தில் குறிக்க வேண்டும் என்றது. அதிகாரபூர்வ வரைபடங்களில் அவை சரியாக வராததைப் பார்த்து, ஊரூர்க் குப்பத்து இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியும் கையுமாக நடந்து, படகு நிற்கும் இடம், வலை உலர்த்தும் இடம், கரைவலை இழுக்கும் இடம் என்று தாங்களே வரைந்தார்கள். மற்றக் குப்பங்களுக்கும் அந்த வேலை பரவியது. எந்தக் காற்றில் மணல் எந்தப் பக்கம் நகரும், வாடையில் எது கரையும், தென்றலில் எது மேடாகும் என்பது அவர்களுக்குத் தினப்படிச் சங்கதி. எங்கே கன்று வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்று தீர்மானிக்க அதைவிட நல்ல வரைபடம் வனத்துறைக்குக் கிடைக்காது. புன்னையும் பூவரசும் வீடுகளுக்குப் பின்னால், தாழை மேட்டுக்கு உள்பக்கம், அடும்பு முன்வரிசையில், படகுத்துறை வெறுமையாக. குப்பத்தில் கேட்டால் இதற்கு எதிர்ப்பு இருக்காது என்றே நினைக்கிறேன்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. இந்திய வன அளவை நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் படத்தை வைத்து எடுக்கும் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் பத்து சதவீதத்துக்கு மேல் மர விதானமும் இருந்தால் அது காடு. யாருடைய நிலம், என்ன மரம் என்பது பொருட்டில்லை. சவுக்குத் தோப்பு அதில் அழகாக உட்காரும். யூகலிப்டஸ் உட்காரும், சீமைக்கருவேலம்கூட உட்காரும். மணலோடு மணலாகப் படர்ந்து மேட்டைக் கட்டும் அடும்புக்கும் ராவணன் மீசைக்கும் விதானம் கிடையாது. கரை முழுக்க அவற்றை நட்டு வளர்த்தாலும் 33ஐ நோக்கிய கணக்கில் ஒரு புள்ளி ஏறாது. நாற்றங்கால் பொறுப்பாளருக்கு எத்தனை கன்று, என்ன வகை என்று மேலிடத்திலிருந்து வரும் இலக்கு இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. நெய்தல் மீட்சிக்கு ஒதுக்கிய பணத்தில் அடும்புத் தண்டு எவ்வளவு, சவுக்குக் கன்று எவ்வளவு என்பதைக் கொள்முதல் பட்டியல் வரும்போது பார்க்கலாம்.

(அடுத்த வாரம்: 1876இல் கர்னல் பெட்டோம் என்ற வன அதிகாரி விதை கேட்டு எழுதிய ஒரு கடிதமும், அதன் பயனாகக் கடப்பைக்கு வந்திறங்கிய சீமைக்கருவேலமும்.)